நான்கு கல்யாணத்துக்கு இடம்

ஆடி 2, வெள்ளி

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. பந்தயம் கட்டியிருக்கிறேன், பின்னால் யாரும் பேச்சை மாற்றக் கூடாது, அதற்காகத்தான் இது.

காலையில் மதுரையிலிருந்து கார்த்தீபன் வந்தான். எங்கள் முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சியின் மகளைக் கட்டியவன். அங்கே பெரிய விளம்பரக் கம்பெனி நடத்துகிறான், மாமனாரின் மணிமாலை ஸ்டூடியோவையும் சீர்படுத்த வேண்டும் என்று ஆசை. கோவில்பட்டி சுற்று வட்டாரத்தில் பாதிக் கல்யாணத்துக்கு நாங்கள்தான் போட்டோவும் வீடியோவும். அதை எல்லாம் வெட்டி ஒட்டிப் படமாக்குவது நான். பின்கட்டில் ஏசி போட்ட சின்ன அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. ஒன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறேன்.

பிஸ்கட் டப்பாவில் கிடந்த ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. இடம் தீரப் போகிறது என்றால் கம்ப்யூட்டர் நீலக் கோட்டைச் சிவப்பாக்கிவிடும்.

"மாமா, ஆவணி பன்னெண்டு, பதிமூணுல மூணு கல்யாணம் புக் பண்ணியிருக்கீங்க. எடுத்துட்டு வந்து எங்க வைப்பீங்க?"

"புதுசா ஒண்ணு வாங்கிக்கிடலாம் மாப்ளே."

"இப்படி வாங்கி வாங்கித்தானே டப்பா நிறைஞ்சிருக்கு. எதுல என்ன இருக்குன்னு யாருக்காவது தெரியுமா? எடிட்டிங்கை மதுரைக்குக் குடுத்துருவோம். அந்த ரூம்ல குழந்தைகளை வச்சு போட்டோ எடுக்க செட்டு போடலாம். நிலா, ஊஞ்சல், பூக்கூடை."

"அப்ப நான்?" என்றேன்.

"அக்கா கவுண்டர்ல இருக்கலாம். இல்லேன்னா வீட்ல ரெஸ்ட் எடுக்கலாம்."

வீட்டில் ரெஸ்ட்! அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு டிஸ்க் கூடப் புதுசா வாங்காம, ஆவணி பிறக்கிறதுக்குள்ள மூணு கல்யாணத்துக்கு இடம் பண்ணித் தாரேன். முடியலேன்னா ரூமை நானே காலி பண்ணிக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, "நீ செய்வ தாயி" என்றார். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டில் தோசை. அண்ணன் மகள் தர்ஷினிக்குப் பரீட்சை, ஹாலில் விளக்கு எரிய வேண்டும் என்று மதினி சொன்னாள். எனக்கு அடுப்படிப் பக்கம் பாய் போட்டாயிற்று. அங்கே காற்று நன்றாகத்தான் வருகிறது.

ஆடி 3, சனி

குப்பை கூட்டினேன். எடிட்டிங் சாஃப்ட்வேர் தன் வசதிக்கு உண்டாக்கிப் போட்டுவிட்டு மறந்துபோன ஃபைல்களே மலையளவு. ஒரே கல்யாணம் மூன்று டிஸ்க்கில் மூன்று பெயரில் இருக்கிறது. 'நியூ ஃபோல்டர்', அதற்குள் 'நியூ ஃபோல்டர் 2', அதற்குள் 'ஒரிஜினல்', அதற்குள் 'ஒரிஜினல் ஒரிஜினல்'. வேறு யாராவது செய்திருந்தால் திட்டியிருப்பேன். எல்லாம் என் கைவரிசை.

அண்ணாச்சி நெட்டிலிருந்து இறக்கி வைத்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளை சினிமாப் படங்களில் கை வைக்கப் போனேன். "அது என் உசுரு தாயி" என்றார். உசுரு போகட்டும் என்றா சொல்ல முடியும்? விட்டுவிட்டேன்.

ஆடி 5, திங்கள்

குப்பை தீர்ந்தது. ஒரு கல்யாணத்துக்குத்தான் இடம் தேறியிருக்கிறது. தையிலிருந்து ஆனி வரை எடுத்த கல்யாணங்கள் அத்தனையும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் கை வைக்க முடியாது.

ஏன் முடியாது என்றால், ஆல்பம் அச்சுக்குப் போகாமல் எங்கள் ஸ்டூடியோவில் எந்தக் கல்யாணத்தையும் அழிப்பதில்லை. ஆல்பம் போக வேண்டுமானால் எந்தெந்தப் போட்டோ வேண்டும் என்று அவர்கள் வந்து செலக்‌ஷன் செய்ய வேண்டும். யார் வருகிறார்கள்? தாலி ஏறியதும் எங்களை மறந்துவிடுகிறார்கள். முதல் குழந்தைக்குக் காது குத்தும்போதுதான் கல்யாண ஆல்பம் நினைவுக்கு வருகிறது. அதிலும் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் சட்டம். ஒரு மாப்பிள்ளை தனியாக வந்து தேர்ந்தெடுத்ததில் பெண்ணின் தாய்மாமன் மாலை போட்ட படம் விட்டுப்போய், மாமன்காரர் கடை வாசலில் வந்து நின்று பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

ஆல்பம் போன பிறகும் 'டெலிட்' என்று சொல்லக் கூடாது. "நல்ல காரியத்தை அழிக்கிறேன்னு சொல்லாத. வழியனுப்புறோம்னு சொல்லு" என்பார் அண்ணாச்சி. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று, "நல்லா இருக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் நான் பட்டனை அழுத்த வேண்டும்.

ஐந்தாம் டிஸ்க்கில் ஒரு பங்குனிக் கல்யாணம் இருக்கிறது. பழசு. அதற்கு யாரும் வரமாட்டார்கள். கணக்கில் சேர்க்கவில்லை.

ஆடி 6, செவ்வாய்

அம்மன் கோயில் ஒலிபெருக்கி. தலைவலி. கூழ் நன்றாக இருந்தது.

ஆடி 7, புதன்

போன் செய்து கூப்பிடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஆடியில யாரு தாயி வருவா? புதுப் பொண்ணு பூராவும் அம்மா வீட்ல இருக்கும். மாப்ள அவுக வீட்ல இருப்பாக. ரெண்டு பேரும் சேந்து வரணும்னா ஆவணி பிறக்கணும்."

ஆமாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். வடை ஒன்றைத் தின்றேன். பாதி வடையில் எனக்கு உறைத்தது. பெண் அம்மா வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். ஒரு மாதம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதத்தில் ஸ்டூடியோக்காரி கூப்பிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்துதான் வர வேண்டும், அது எங்கள் சட்டம் என்று சொன்னால்?

முதல் போனை எட்டயபுரத்துக்குப் போட்டேன். மாப்பிள்ளை பேங்கில் வேலை பார்க்கிறவர்.

"தம்பி, மணிமாலை ஸ்டூடியோலருந்து மாரீஸ்வரி பேசுதேன். ஆல்பம் செலக்‌ஷன். ஆனா ரெண்டு பேரும் கண்டிப்பா சேந்து வரணும்."

குரலைத் தணித்துக்கொண்டு, "கண்டிப்பாவாக்கா?" என்றார்.

"கண்டிப்பா."

"இதை எங்க அத்தைக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிருதீகளா?"

சொன்னேன். அடுத்தடுத்து ஒன்பது வீட்டுக்குச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

ஆடி 9, வெள்ளி

கடை திறக்க நான் வரும்போதே எட்டயபுரம் மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். சென்ட் வாசம் தெரு முனை வரை வருகிறது. பெண்ணை அவள் தம்பி பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நாங்கள் மூன்று கேமரா வைத்துக் கல்யாணத்தன்று எடுத்ததில் எங்கேயும் நான் பார்க்கவில்லை.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது பாவமில்லையா?" என்றார்.

"ஆல்பம் போடுறது பாவமா அண்ணாச்சி?"

யோசித்துப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு ரோஸ்மில்க் வாங்கி வரச் சொன்னார்.

ஆடி 12, திங்கள்

கூட்டம். கழுகுமலையிலிருந்து ஒரு ஜோடி, சாத்தூரிலிருந்து ஒன்று, உள்ளூரில் மூன்று. அண்ணாச்சி ஒட்டகம் மாதிரி நாற்காலி சுமந்துகொண்டு அலைந்தார். போன் வராத வீட்டு மாப்பிள்ளைகள் தாங்களாகவே போன் செய்து, "எங்களுக்கு செலக்‌ஷன் இல்லையாக்கா?" என்று கேட்கிறார்கள்.

கழுகுமலைப் பெண்ணுடன் அவள் அம்மா வந்துவிட்டார். வந்தவர் இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆடி என்றால் ஆடிதான் என்பது அவர் கட்சி. நான் அவரை முன் ஹாலுக்குக் கூட்டிப்போய், பெரிய டிவியில் அவர் மகளுக்கு அவர் கண்ணீரோடு திருநீறு பூசிவிடும் இடத்தைப் போட்டுவிட்டேன். முழுப் படத்தையும் பார்த்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

சாத்தூர் மாப்பிள்ளை வாயாடி. "உங்க கல்யாண ஆல்பத்தைக் காட்டுங்களேன், ஒரு மாடலுக்கு" என்றான். அவனை அடுத்த போட்டோவுக்கு நகர்த்தினேன்.

ஆடி 15, வியாழன்

நினைத்தது ஒன்று, நடப்பது ஒன்று. எல்லோரும் வருகிறார்கள், ஒருவரும் முடிப்பதில்லை. ஒரே போட்டோவைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் குசுகுசு. "இன்னும் முடியலைக்கா, நாளைக்கும் வாரோம்." எட்டயபுரத்தார் நான்காவது முறையாக வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முடித்துவிட்டால் மறுபடி வீட்டில் காரணம் சொல்ல முடியாதே. ஒரு ஜிபி கூட இறங்கவில்லை. டிஸ்க் எல்லாம் அதே சிவப்பு. ஊருக்கு நல்லது செய்தேன், எனக்கு என்ன செய்துகொண்டேன்?

மத்தியானம் கார்த்தீபன் போன். "எப்படிக்கா போகுது? கார்பெண்டரை எப்ப வரச் சொல்ல?" குரலில் சிரிப்பு. ஆவணி பிறக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

விடிந்ததும் புத்தி வந்தது. எல்லோருக்கும் புதுச் சட்டம் சொன்னேன். முதலில் போட்டோ. அதை முடித்தவர்களுக்கு மட்டும் இன்னொரு நாள், வீடியோவுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்க. அதையும் முடித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நாள், எடுத்தது அத்தனையையும் அவர்கள் கொண்டுவரும் டிஸ்க்கில் காப்பி செய்து கொடுக்க. காப்பி ஆக மூன்று மணி நேரம் ஆகும், இருவரும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"மூணு மணி நேரமாக்கா?"

"குறைஞ்சது. ஆனா இன்னைக்கு இதை முடிச்சாத்தான்."

ஒரு வாரமாக முடியாதது மாலைக்குள் முடிந்துவிட்டது. ஆசை காட்டினால் எல்லாம் நடக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. கடை லீவு. மதினி சித்ரான்னம் கட்டினாள், எல்லோரும் கயத்தாறுக்குப் போனார்கள். காரில் ஆள் அதிகம், நான் போகவில்லை. அலமாரியில் எனக்கு விட்டிருக்கும் தட்டை ஒழுங்குபடுத்தினேன். சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஆடி 23, வெள்ளி

முதல் வழியனுப்பு. எட்டயபுரம். ஆல்பம் அச்சுக்குப் போயாயிற்று, அவர்கள் வீட்டு டிஸ்க்கில் எல்லாம் ஏறிவிட்டது, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். இங்கே ஆல்பத்துக்கான படங்களும் முடிந்த வீடியோவும் மட்டும் இருக்கும். அண்ணாச்சி கைகூப்பி, "நல்லா இருக்கட்டும்" என்றார். அழுத்தினேன். சிவப்புக் கோடு அப்படியே பின்வாங்கி, நீலமாகியது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அதன் பின் கழுகுமலை, சாத்தூர், அதன் பின் உள்ளூர் மூன்றும்.

ஆடி 26, திங்கள்

கார்த்தீபன் நேரில் வந்துவிட்டான். டிஸ்க்குகளைச் செருகினான். நீலம், நீலம், நீலம். "என்னக்கா மாயம் பண்ணீங்க?" என்றான். நல்ல பையன்தான், வியக்கத் தெரிகிறது. மூன்று கல்யாணத்துக்கு இடம் சரியாக இருக்கிறது என்று அவனே கூட்டிச் சொன்னான். ஆவணி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன்.

"அஞ்சாவது டிஸ்க்ல மட்டும் ஒரு பங்குனிக் கல்யாணம் கிடக்கே. பழசு. இவுகளைக் கூப்பிடலையா?" என்றபடி அதைத் திறந்தான். நான் டீ கிளாசைக் கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அதை மூடியிருந்தான். மதுரைக்குக் கிளம்பும் வரை செட்டைப் பற்றிப் பேசவில்லை. போகும்போது எனக்கு மட்டும் ஏலக்காய் போட்ட டீ வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

ஆடி 29, வியாழன்

அண்ணாச்சி தயங்கித் தயங்கி வந்தார். தங்கச்சி மகள் கல்யாணம் ஐப்பசியில் என்று இருந்தது. மாப்பிள்ளைக்கு துபாயில் லீவு முன்னாலேயே கிடைத்துவிட்டதாம். ஆவணி பதிமூன்றுக்கே வைத்துவிட்டார்கள்.

"என் தங்கச்சி மக கல்யாணத்தை வேற ஸ்டூடியோக்காரன் எடுத்தா நான் எப்படி தாயி முகத்தைக் காட்டுவேன்?"

எடுக்கலாம், எங்கே வைக்க? மிச்சமுள்ள பழைய ஜோடிகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கார்த்தீபனுக்குப் போன் போட்டார். அவன் நல்ல மாதிரிதான் சொன்னான். "பந்தயம் மூணுக்குத்தானே, அக்கா ஜெயிச்சாச்சு. நாலாவதை மட்டும் நான் மதுரையில வச்சுப் பாத்துக்கிடுதேன்."

அந்த 'மட்டும்' எனக்குத் தெரியும். ஒரு ஆடு வேலி தாண்டினால் மற்றதும் பின்னாலேயே போகும். இன்று முதலாளி வீட்டுக் கல்யாணம் மதுரைக்குப் போனால், தையில் எந்தக் கல்யாணம் இந்த அறைக்கு வரும்?

"அண்ணாச்சி, மதுரைக்கு ஒண்ணும் போக வேண்டாம். நாளைக்கு இடம் இருக்கும்" என்றேன்.

ஆடி 30, வெள்ளி

காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். ஐந்தாம் டிஸ்க்கைச் செருகினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"அது கிடக்கட்டும் தாயி. அது உன் கல்யாணம்லா."

"அதான் அண்ணாச்சி எடுக்கேன்."

"நான் எடுத்த கல்யாணம். முதல் கேமராவே நான்தான். இன்னைக்கு இல்லேன்னாலும் என்னைக்காவது மனசு மாறி ரெண்டு பேரும் வந்து உக்காருவீகன்னு..."

இத்தனை வருடமாக அவர் இப்படி நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

"கோர்ட்டுக் காகிதம் வந்தே நாலு வருசம் ஆச்சு அண்ணாச்சி. இந்த மாசம் பூராவும் பாத்தீகள்லா, ஒண்ணா உக்கார முடியலையேன்னு துடிச்ச பிள்ளைகளை. நாங்க எட்டு மாசம் ஒரே வீட்ல இருந்தோம், ஒருநாள் கூட அப்படிப் பாத்துக்கிட்டது கிடையாது. அதுக்கு எதுக்கு இம்புட்டு இடம்?"

நான் ஒருமுறை திறந்து பார்த்தேன். எல்லாப் படத்திலும் யாரோ என்னைத் தலையைக் குனியச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பந்தியில் ஒன்று, நான் மட்டும், வாய் நிறையப் பாயசத்தோடு சிரிக்கிறேன். அதை எடுத்து வைத்துக்கொண்டேன். நாலு எம்பிதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

வழக்கம்போல அண்ணாச்சி கைகூப்பினார். நான் காத்திருந்தேன். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ நல்லா இருக்கணும்" என்றார்.

"அழிக்கிறேன் அண்ணாச்சி" என்று சொல்லியே அழுத்தினேன். ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தை அந்தக் கடையில் முதல் தடவை. மூன்று கேமராவில் எடுத்தது, நிமிடத்தில் போய்விட்டது. ஐந்தாம் டிஸ்க்கிலும் கோடு நீலமாகிவிட்டது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. புரோட்டா சால்னா வாங்கி வரச் சொல்லி இருவரும் சாப்பிட்டோம்.

ஆவணி 13, வெள்ளி

நான்கு கல்யாணம். நேற்று இரண்டு, இன்று இரண்டு. கேமராக்காரர்கள் கார்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள், நான் வாங்கிச் செருகுகிறேன். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பெயர் எழுதிய இடம் காத்திருக்கிறது. மண்டபம், தேதி, கேமரா எண். 'நியூ ஃபோல்டர்' என்ற ஒன்று கூட இல்லை.

அண்ணாச்சியின் தங்கச்சி மகள் கல்யாணம் ஐந்தாம் டிஸ்க்கில் ஏறியது. பந்தி முடித்துக் கையில் வெற்றிலையோடு வந்த கார்த்தீபன் பின்னால் நின்று, கடைசி ஃபைல் ஏறும் வரை பார்த்தான். அதற்குப் பிறகும் இடம் மிச்சம்.

"அக்கா, எங்க ஆபீஸ்ல டிஸ்க் பூராவும் சிவப்பாக் கிடக்கு. ஒருநாள் வந்து பாக்க முடியுமா?"

"இங்க வேலை கிடக்கு தம்பி. நீங்க டிஸ்க்கை இங்க கொண்டு வாங்க" என்றேன். அண்ணாச்சி திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஆவணி 15, ஞாயிறு

மதினியிடம் சொல்லிவிட்டேன், ஐப்பசிக்குள் தனி வீடு பார்க்கிறேன் என்று. அண்ணன்தான் கொஞ்சம் முகம் சுணங்கினான். தர்ஷினி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தங்குவேன் என்கிறாள்.

கடைக்குப் போனால் வாசலில் கார்பெண்டர். கார்த்தீபன் எப்போதோ சொல்லிவைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல மறந்திருக்கிறான். நாடாவும் பென்சிலுமாக என் அறைக்குள் நுழைந்தார்.

"நிலா எந்தப் பக்கம் வரணும்? ஊஞ்சல் மாட்ட மேல கொக்கி இருக்கா?"

"அதெல்லாம் இல்லண்ணே. இது எடிட்டிங் ரூம். வந்ததும் வந்துட்டீக, டிஸ்க் எல்லாம் பேர் எழுதி நிறுத்தி வைக்க ஒரு அலமாரி அடிச்சுத் தாங்க."

அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைக் கை காட்டினார். கார்பெண்டர் நாடாவை விரித்துக்கொண்டு, "எம்புட்டு அகலத்துக்குத் தாயி?" என்றார்.

"சுவர் பூராவும்" என்றேன்.